'சாயா'வைக் குறைக்கணுமா? வட்டக்கோட்டைப் பக்கமே இருக்கு மாற்று!

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே சுமார் 6 கிலோமீட்டர் போனால், லீபுரம் பக்கம், தென்னைக்கும் பனைக்கும் நடுவில் கடலை ஒட்டி நிற்கிறது வட்டக்கோட்டை. மதில்மேல் ஏறி நின்றால் ஒருபக்கம் கடல், இன்னொரு பக்கம் மலையும் காற்றாலைகளும். காற்று ஆளைத் தள்ளும். குழந்தைகள் கருமணல் கடற்கரையைப் பார்க்க ஓடுவார்கள். பெரியவர்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்ததும் கேட்கும் முதல் வார்த்தை அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்... "அண்ணாச்சி, ஒரு சாயா."

குமரி மாவட்டத்தில் டீக்கு 'சாயா' என்றே பெயர். பால் சேர்க்காவிட்டால் 'கட்டஞ்சாயா'. காலையில் கண் விழித்ததும் ஒன்று, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, 11 மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, விருந்தாளி வந்தால் கூடுதலாக ஒன்று. கணக்குப் பார்த்தால் 5 கிளாஸ் சாதாரணமாகத் தாண்டிவிடும். 'கொஞ்சம் குறைக்கணும்' என்று வாரத்துக்கு ஒருமுறையாவது நினைக்காத வீடு குறைவு. நினைத்ததைச் செய்த வீடு அதைவிடக் குறைவு.

குறைக்க வேண்டுமா, எவ்வளவு குறைக்க வேண்டும், குறைத்தால் அந்த இடத்தில் எதைக் குடிப்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கான பதிலில் பாதி, இந்தக் கோட்டையைச் சுற்றியே முளைத்து நிற்கிறது.

கோட்டை கட்டிய காலத்தில் டீ ஏது?

வட்டக்கோட்டை 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அதில் பிடிபட்ட டிலனாய், பிறகு திருவிதாங்கூரின் படைத்தளபதியாகவே ஆனார். அவருடைய மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்ட கருங்கல் கோட்டைகளில் இதுவும் ஒன்று. சுமார் மூன்றரை ஏக்கர், ஏறத்தாழ 25 அடி உயர மதில்.

இவ்வளவு கல்லையும் சுமந்து அடுக்கியவர்களுக்கு 11 மணி டீ கிடையாது. காரணம் எளிது. டீ என்பது இந்தியர்களின் அன்றாடப் பானமாக மாறியதே 20-ஆம் நூற்றாண்டில்தான். விளைந்த தேயிலை பெரும்பாலும் கப்பலேறியது. உள்நாட்டிலும் விற்க வேண்டும் என்று முடிவானபோது, 1903-இல் தேயிலைக்குத் தனி வரி விதித்து, அந்தப் பணத்தில் பிரசாரம் தொடங்கியது. 1937-இல் 'இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம்' உருவானது. ரயில் நிலையங்களில் விளம்பரப் பலகைகள், சந்தைகளில் இலவச டீ, வீட்டுப் பெண்களுக்கு டீ போடும் செயல்முறை விளக்கம் என்று ஊர் ஊராகப் போய்ப் பழக்கப்படுத்தினார்கள்.

காபியின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். தமிழர்கள் காபிக்குப் பழகிய கதையை ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். காபி வந்தபோது அது இடம்பிடித்தது காலை நேர நீராகாரத்தின் இடத்தை. முந்தைய நாள் சோற்றில் ஊற்றிவைத்த நீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போன ஊரில், அது ஏழ்மையின் அடையாளமாகவும் காபி நாகரிகத்தின் அடையாளமாகவும் ஆனது.

எனவே, 'டீ இல்லாமல் தமிழன் இல்லை' என்று சொல்வதெல்லாம் 3, 4 தலைமுறைக் கதைதான். பழகியதை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

எவ்வளவு குடித்தால் அதிகம்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். டீயும் காபியும் விஷம் அல்ல. 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஒரு நாளைக்கு 3, 4 கோப்பை காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் நோய், இரண்டாம் வகை நீரிழிவு போன்றவை குறைவாகக் காணப்படுவதாகச் சொன்னது. அது தொடர்பைத்தான் காட்டுகிறது. காபிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும், அளவோடு குடிப்பவர்கள் பயப்பட எதுவும் இல்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபைன் வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டுதல் தரும் கணக்கு இது...

- 150 மில்லி டிகாக்‌ஷன் காபி: 80 முதல் 120 மில்லிகிராம்
- 150 மில்லி இன்ஸ்டன்ட் காபி: 50 முதல் 65 மில்லிகிராம்
- ஒரு கோப்பை டீ: 30 முதல் 65 மில்லிகிராம்

ஸ்ட்ராங்கான ஃபில்டர் காபி 3 டம்ளர் குடித்தாலே எல்லை வந்துவிடும். ஸ்ட்ராங் டீ என்றால் 5 கிளாஸ். இதில் கோலா, சாக்லேட், கிரீன் டீ எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'நான் டீயை விட்டுவிட்டேன், கிரீன் டீதான்' என்பவர்கள் பலர். கிரீன் டீயும் அதே தேயிலைச் செடியின் இலைதான். அதிலும் கஃபைன் உண்டு. தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் கஃபைன் சேர்க்கப்படுகிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

'எனர்ஜி டிரிங்க்' என்று கல்லூரி மாணவர்கள் கையில் இருக்கும் டின்கள் தனிக் கணக்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி அவற்றில் ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம்வரை கஃபைன் இருக்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை டின்னிலேயே சிறிய எழுத்தில் இருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு அளவு இன்னும் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன எல்லை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம். வளரும் குழந்தைகளுக்கு டீயும் காபியும் தேவையே இல்லை.

மாலை 5 மணி காபி, இரவு 10 மணிக்கு எங்கே இருக்கும்?

நாள் முழுக்க வேலை செய்யும்போது மூளையில் 'அடினோசின்' என்ற பொருள் சேரச் சேரத்தான் நமக்குத் தூக்கம் வருகிறது. கஃபைன் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு போய்விடுவதில்லை. களைப்பு இருக்கிறது என்ற செய்தி மட்டும் நமக்கு வந்து சேர்வதில்லை.

குடித்த கஃபைனில் பாதியை உடல் வெளியேற்றச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு ஒரு டம்ளர் காபியில் 100 மில்லிகிராம் போனால், இரவு 10 மணிக்கும் 50 மில்லிகிராம் உள்ளே இருக்கும். அதிகாலை 3 மணிக்கும் 25. கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் இது வெளியேற இன்னும் அதிக நேரம் ஆகும்.

2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுக்கப்போவதற்கு 6 மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் கஃபைன் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. இரவு சரியாகத் தூங்காததால் காலையில் ஒரு காபி கூடுகிறது. அந்தக் காபியின் தொடர்ச்சியாக மாலையிலும் ஒன்று கூடுகிறது. 'எனக்கெல்லாம் காபி குடிச்சாலும் தூக்கம் வரும்' என்பவர்களுக்கும் தூக்கத்தின் ஆழம் குறையலாம்.

சாப்பாட்டோடு டீ... இதுதான் பெரிய சிக்கல்

தூக்கத்தைவிட முக்கியமான ஒரு விஷயம் நம் வீடுகளில் கவனிக்கப்படாமலே இருக்கிறது. அது டீ குடிக்கும் அளவல்ல, நேரம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் கைக்குள் இருக்கும் ஒன்று, சாப்பாட்டோடு குடிக்கும் டீ.

தேயிலையில் இருக்கும் டானின் முதலான பொருள்கள் உணவில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. குடல் அதை உறிஞ்ச முடிவதில்லை. 1983-இல் வெளியான புகழ்பெற்ற ஓர் ஆய்வில், உணவோடு டீ குடித்தபோது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது 64 சதவிகிதம் குறைந்தது. காபி என்றால் 39 சதவிகிதம். அந்த ஆய்வில் இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு காபி குடித்தால் பாதிப்பு இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, சேர்த்துக் குடித்ததற்குச் சமமான பாதிப்பு இருந்தது. வயிற்றில் உணவு இன்னும் இருக்கிறது என்பதே காரணம்.

பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. கஃபைன் நீக்கிய காபிக்கு மாறினாலும் தீராது. இதில் குற்றவாளி கஃபைன் அல்ல, மற்ற பொருள்கள்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்றே சொல்கிறது. சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேர இடைவெளி விட முடிந்தால் இன்னும் நல்லது.

இப்போது வீட்டு நடைமுறையை யோசித்துப் பாருங்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டு, 10 மணிக்கு மீதமிருக்கும் 2 இட்லியை டீயோடு சாப்பிடுவது பெரும்பாலும் அம்மாதான். 'பசியில்லை' என்று மதியத்தில் டீயும் பிஸ்கட்டும் எடுப்பதும் அவர்தான். கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கும் பழக்கமும் இருக்கிறது. மாத்திரை போட்டும் ரத்த அளவு ஏறவில்லையே என்று கவலைப்படுவதற்கு முன், எதோடு போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். மாத்திரைக்குத் தண்ணீர் போதும். எலுமிச்சைச் சாறு என்றால் இன்னும் நல்லது. வைட்டமின் சி இரும்புச்சத்து உறிஞ்சப்பட உதவும்.

டீயை ஒரு சொட்டுகூடக் குறைக்காமல், குடிக்கும் நேரத்தை மட்டும் மாற்றினாலே இந்தப் பலன் கிடைக்கும் என்பதுதான் இதில் ஆறுதலான செய்தி.

ஒரே நாளில் நிறுத்தினால் தலை வெடிக்கும்

'நாளையிலிருந்து டீயே கிடையாது' என்று சபதம் போடுபவர்கள் இரண்டாம் நாள் மாலையில் டீக்கடையில் நிற்பதற்குக் காரணம் மன உறுதிக் குறைவு அல்ல. கஃபைனைத் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். ஒன்று, இரண்டு நாள்களில் உச்சத்துக்குப் போகும். சோர்வு, எரிச்சல், கவனமின்மையும் சேரும். சிலருக்கு 9 நாள்கள்வரை நீடிக்கும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேட்டிலேயே 2013 முதல் இது ஒரு தனி நிலையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

எனவே, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். இப்படிச் செய்து பார்க்கலாம்...

முதல் 3 நாள்: எதையும் குறைக்க வேண்டாம். எத்தனை, எத்தனை மணிக்கு என்று செல்போனில் குறித்துக்கொண்டாலே போதும். பலருக்கு உண்மையான எண்ணிக்கை தெரிவதே இப்போதுதான்.

4-ஆம் நாள் முதல்: படுக்கைக்கு மிக அருகில் இருக்கும் கடைசி டீயை மட்டும் வேறு சூடான பானமாக மாற்றவும். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

2-ஆம் வாரம்: சாப்பாட்டோடு குடிக்கும் டீயை ஒரு மணி நேரம் முன்பாகத் தள்ளவும். முடியாவிட்டால் அதையும் மாற்றவும்.

3-ஆம் வாரம்: மீதியிருப்பவற்றில் அளவைக் குறைக்கவும். பெரிய டம்ளருக்குப் பதில் சின்ன கிளாஸ், ஸ்ட்ராங்குக்குப் பதில் லைட். ஃபில்டர் காபி வீடுகளில் சிக்கரி அதிகமுள்ள தூளுக்கு மாறலாம். சிக்கரி ஒரு செடியின் வேர்; அதில் கஃபைன் கிடையாது. காபி - சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவிகிதம் இருக்க வேண்டும் என்பது விதி.

காலையில் முதலில் குடிக்கும் டீயைக் கடைசிவரை விட்டுவைக்கலாம். பெரும்பாலோருக்கு அந்த ஒன்று போதும். அதையும் பறித்தால்தான் மொத்தத் திட்டமும் கவிழும்.

'காப்பி' என்று பெயர், காபித்தூள் இல்லை!

டீயைக் குறைப்பவர்கள் இழப்பது கஃபைனை மட்டுமல்ல. கையில் ஒரு சூடான கிளாஸ், 10 நிமிட ஓய்வு, இரண்டு பேச்சு... இதெல்லாமும்தான். வெறும் தண்ணீர் அந்த இடத்தை நிரப்பாது. நாஞ்சில் நாட்டிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் இதற்குத் தயாராகவே சில பானங்கள் உண்டு.

சுக்குக்காப்பி: காபி வந்த பிறகு, சூடாகக் குடிக்கும் எல்லாவற்றுக்குமே 'காப்பி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சுக்குக்காப்பியிலும் மல்லிக்காப்பியிலும் காபித்தூள் கிடையாது, கஃபைனும் கிடையாது. 4 பேருக்கு, 4 டம்ளர் தண்ணீரில் ஒன்றிரண்டாகத் தட்டிய சுக்கு ஒரு டீஸ்பூன், வறுத்துப் பொடித்த கொத்தமல்லி 2 டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், சில துளசி இலைகள் போட்டு 7, 8 நிமிடம் கொதிக்க விட வேண்டும். 40 கிராம் கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்க்கவும். காரம் வேண்டாதவர்கள் சுக்கைக் குறைத்து மல்லியைக் கூட்டினால் அதுவே மல்லிக்காப்பி. மாலை டீக்கு இது சரியான ஜோடி மாற்று.

ஒரு எச்சரிக்கை. நெடுஞ்சாலைக் கடைகளில் இப்போது பிரபலமாகியிருக்கும் 'கருப்பட்டி காபி' வேறு. அதில் காபித்தூள் இருக்கும். மாறியிருப்பது சர்க்கரை மட்டும்தான், கஃபைன் அப்படியே.

சீரக வெள்ளம், பதிமுக வெள்ளம்: குமரியின் மேற்குப் பக்கம் போனால் தண்ணீருக்கு 'வெள்ளம்' என்று பெயர். சாப்பாட்டு மேசையில் வெதுவெதுப்பாகச் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரோ, இளஞ்சிவப்பாகப் பதிமுகப் பட்டைத் தண்ணீரோ இருக்கும். கேரளத்தோடு பகிர்ந்துகொண்ட பழக்கம் இது. சர்க்கரை இல்லை, கஃபைன் இல்லை, செலவும் இல்லை. சாப்பாட்டோடு ஏதாவது சூடாகக் குடித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சீரகத் தண்ணீர் நல்ல மாற்று.

நீர்மோர்: 11 மணி டீயின் இடத்துக்கு. ஒரு பங்கு தயிருக்கு 3 பங்கு தண்ணீர், தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் உப்பு. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு டீயைவிட இதுதான் பயன்படும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

பழஞ்சித் தண்ணீர்: காபி விரட்டிய அதே நீராகாரம். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயத்தோடு. கோடைக் காலையில் வயிற்றுக்கு இதம்.

உளுந்தங்கஞ்சி: மாலை 4 மணிக்கு டீ தேடுவது பல நேரம் பசிதான். டீ அந்தப் பசியை மறைக்கிறது. பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு டீயும் வறுக்கியும் தருவதற்குப் பதில், தோல் உளுந்தும் கொஞ்சம் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால், சிறிது கருப்பட்டி, சுக்குத்தூள் கலந்து ஒரு டம்ளர் தரலாம். புரதமும் கிடைக்கும், வயிறும் நிறையும்.

எலுமிச்சை, நன்னாரி, இளநீர்: வெளியில் போகும் நேரத்தில் டீக்கடைக்குப் பதில் பக்கத்திலேயே கிடைப்பவை. நன்னாரி சர்பத்தில் பாகு பாதி அளவு போடச் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

அக்கானி குடிக்க மதியத்துக்கு முன் போக வேண்டும்

இந்த வட்டாரத்தில் பதநீரை 'அக்கானி' என்பார்கள். பனையின் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டால் சொட்டுச் சொட்டாகச் சேரும். சுண்ணாம்புதான் அது புளித்துக் கள்ளாகாமல் காக்கிறது. வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும். பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றிக் குடிப்பதற்கென்றே தனி ருசி. இந்தச் சாற்றைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் அக்கானி வேண்டும்.

அந்த 10 லிட்டருக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். பருவம் சில மாதங்கள்தான். தவறினால் உயிர்போகும் உயரம். அதனால்தான் பனையேறிகளின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் தாக்கலான முதல் தனி வேளாண் பட்ஜெட்டில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது; பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றும் சொல்லப்பட்டது. மரத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. ஏறுபவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தான் அக்கானி கிடைக்கும். பனைவெல்லத்தைக் கிராமத் தொழிலாக வளர்க்க வேண்டும் என்று காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா எழுதியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கருப்பட்டியில் சர்க்கரை கலந்து விற்பது பரவலான புகார். காய்ச்சும் உழைப்பையும் விறகையும் கணக்குப் பார்த்தால், வெல்ல விலைக்குக் கருப்பட்டி கிடைக்க வழியே இல்லை. மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படலாம். தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காய்ச்சுபவரிடமோ, பனைவெல்லக் கூட்டுறவு விற்பனை நிலையத்திலோ நேரடியாக வாங்குவது பாதுகாப்பு.

கருப்பட்டியும் இனிப்புதான்

மாற்றுப் பானத்துக்கு மாறுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். 'கருப்பட்டிதானே, சுகருக்கு ஒண்ணும் செய்யாது' என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. இது உண்மையல்ல. கருப்பட்டியில் சில தாதுக்கள் இருக்கலாம். ஆனால், பெரும்பகுதி சர்க்கரைதான். அக்கானியில் சுமார் 10 முதல் 12 சதவிகிதம் சர்க்கரை. ஒரு 200 மில்லி டம்ளரில் 20 கிராமுக்கு மேல் வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 டீஸ்பூனுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது. ஒரு டீக்கு 2 டீஸ்பூன் என்றால் 5 டீயில் சுமார் 40 கிராம். டீயைக் குறைப்பதால் கிடைக்கும் பெரிய லாபங்களில் ஒன்று இந்தச் சர்க்கரை குறைவது. அதே 40 கிராமைக் கருப்பட்டியாகவும் சர்பத்தாகவும் திரும்ப ஏற்றிக்கொண்டால் பலன் இல்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. அவர்களுக்கு ஏற்றவை சீரகத் தண்ணீர், பதிமுகத் தண்ணீர், மோர், இனிப்பில்லாத மல்லிக்காப்பி.

இவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை

- ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தினமும் சுக்கு, இஞ்சி அதிகம் சேர்க்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் காரத்தைக் குறைக்கலாம்.
- கடையில் வாங்கும் சுக்குமல்லிப் பொடி சிலவற்றில் அதிமதுரம் இருக்கும். தினமும் அதிகம் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறலாம்.
- சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஆபத்தாகலாம்.
- கர்ப்பிணிகள் பெயர் தெரியாத மூலிகைப் பொடிகளைத் தவிர்ப்பது நல்லது.
- போதுமான அளவு தூங்கியும், டீயைக் குறைத்தும் சோர்வு போகவில்லையென்றால் ரத்தப் பரிசோதனை அவசியம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எதுவும் அந்தச் சோர்வுக்குப் பின்னால் இருக்கலாம். அதை இன்னொரு டீ போட்டு மறைக்கக் கூடாது.

ஒரு நாள் இப்படி இருக்கலாம்

காலை 6 மணிக்கு வழக்கமான டீயோ காபியோ ஒன்று, அரைச் சர்க்கரையோடு. 8 மணிச் சாப்பாட்டுக்குச் சீரகத் தண்ணீர். 11 மணிக்கு மோர். மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் மட்டும். டீ இல்லாமல் முடியவே முடியாது என்றால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 3 மணிக்கு ஒரு சின்ன கிளாஸ். அதுவே அன்றைய கடைசி. மாலை 5 மணிக்குச் சுக்குக்காப்பி அல்லது உளுந்தங்கஞ்சி. 5 டீ 2 ஆகிவிட்டது. டீ போடும் அடுப்பும், சேர்ந்து உட்காரும் நேரமும் அப்படியே இருக்கின்றன.

வட்டக்கோட்டைக்குப் போகிறவர்கள் பனைப் பருவத்தில், அதிலும் காலையிலேயே போய்ப் பாருங்கள். சாலையோரத்தில் கலயத்தோடு யாராவது உட்கார்ந்திருந்தால் வண்டியை நிறுத்தி ஒரு பட்டை அக்கானி குடியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். பேரம் மட்டும் பேச வேண்டாம். அந்த மரத்தில் அவர் அன்று மாலையும் ஏற வேண்டும்.